ஒரே வாசலில் 5,000 செதுக்கல்! தெரியுமா?

தேக்காவுக்குப் போனால் காய்கறி, பூ, மளிகை எல்லாம் வாங்கிக்கொண்டு நேராக எம்ஆர்டி நிலையத்துக்கு நடையைக் கட்டுகிறோம். நடுவில் கேம்பல் லேனில் ஒரு செட்டிநாட்டு வாசல் நிற்கிறதே, பார்த்திருக்கிறீர்களா?

இந்திய மரபுடைமை நிலையத்தில் இருக்கிறது அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்த மரவேலை! அதில் எத்தனை நுண்செதுக்கல்கள் தெரியுமா? நூறா? ஐந்நூறா? 5,000! அத்தனையும் உளி பிடித்த கை செய்தது! புது வீட்டுக்கு நிலை வைக்க நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்துப் பூசை போடுகிறவர்கள் நாம். அந்த நிலைக்கு இவ்வளவு அலங்காரம் செய்து பார்த்த செட்டியார் வீட்டை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது! ஒரு சாண் அகலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். கண் வலிக்கும்!

நிலையத்தின் முகப்பே படிக்கிணற்றின் சாயலில் கட்டியது என்பது தெரியுமா? திறந்தது 2015-ல்!

மலாய் பேசிக்கொண்டு, மாரியம்மனைக் கும்பிடும் நம் சொந்தங்கள் இருக்கிறார்கள், தெரியுமா? அவர்கள்தான் மலாக்கா செட்டிகள்! மலாக்காவுக்கு வணிகத்துக்கு வந்த தமிழர்கள், அங்குள்ள பெண்களை மணந்ததால் உருவான சமூகம். பாசிமணி கோத்த அவர்கள் காலணியும் இதே நிலையத்தின் சேகரிப்பில் உண்டு!

பாசிமணி என்றதும் நினைவுக்கு வருகிறது. இப்படி வந்தவர்களும் உள்ளூர்ப் பெண்களும் மணந்து உருவான சமூகங்களைப் பெரனாக்கான் என்பார்கள். ஆர்மீனியன் ஸ்திரீட்டில் இருக்கும் பெரனாக்கான் அரும்பொருளகத்தின் மேசைவிரிப்பைப் பார்த்தீர்களா? அதில் இருப்பவை 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகள்! ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த மணிகளை, பினாங்கில் கையால் கோத்திருக்கிறார்கள். நொடிக்கு ஒரு மணி என்று இரவு பகல் உறங்காமல் கோத்தால்கூட 11 நாளுக்கு மேல் ஆகும்! நொடிக்கு ஒன்று யாரால் முடியும்?

அங்கேயே ஒரு கல்யாணக் கட்டில்! சிவப்பும் தங்கமுமாகச் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். அதற்குச் சொந்தக்காரரான பினாங்குப் பெண்மணிக்கு 11 பிள்ளைகள். முதல் 7 பேரும் பிறந்தது அந்தக் கட்டிலிலேயே!

அக்காலப் பெரனாக்கான் கல்யாணம் 12 நாள் நடக்கும், தெரியுமா? முதல் பிள்ளை ஆணாகப் பிறக்கவேண்டும் என்று ஒரு சின்னப் பையனைக் கட்டிலில் மூன்று முறை உருளவிடுவார்கள்! அதோடு விட்டார்களா? கட்டிலுக்கு அடியில் ஒரு சேவலையும் ஒரு கோழியையும் விடுவார்கள். சேவல் முதலில் வெளியே வந்தால் ஆண், கோழி வந்தால் பெண்! வீடே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்!

மறுபடி தேக்காவுக்கே வருவோம். அங்கே கெர்பாவ் ரோட்டில் வண்ண வண்ணமாக ஒரு வீடு. எல்லாரும் படம் எடுக்கிறோம். 1900-ல் கட்டியது, மிட்டாய்த் தொழில் செய்த டான் டெங் நியா என்ற சீனருடையது! 8 அறைகள்! லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஒரே பழைய சீன மாளிகை அதுதான்!

பெரனாக்கான் வீடு ஒன்றை உள்ளே போய்ப் பார்க்க ஆசையா? நீல் ரோடு 157-ஆம் எண் பாபா ஹவுஸுக்குக் கட்டாயம் போய்வாருங்கள். 1890-களில் எழுந்த நீல நிற வீடு. உள்ளே பழைய மேசை நாற்காலி, அலமாரி, கட்டில் எல்லாம் ஒரு குடும்பம் குடியிருக்கும் வீடு போலவே! மாடிப் படுக்கையறையில் தரையைக் கவனியுங்கள். பலகையில் ஓர் ஓட்டை! எதற்குத் தெரியுமா? கீழே யார் வந்திருக்கிறார் என்று படியிறங்காமலே எட்டிப் பார்க்க! கதவுமணிக் கேமரா வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே!