காரைக்கால் வார இறுதிச் சுற்றுலா

காரைக்கால், காவிரிக் கழிமுகக் கடற்கரையில் தமிழ்நாட்டின் மாவட்டங்களால் சூழப்பட்ட, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த நகரமாகும். சனிக்கிழமைகளில் இங்கு வெளியூர்ப் பயணிகள் பெருமளவில் கூடுகின்றனர்.

திருநள்ளாறு

காரைக்காலுக்கு மேற்கே ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் திருநள்ளாறு உள்ளது. சனீசுவரன் தலமாகவே இது பரவலாக அறியப்பட்டாலும், மூலவர் தர்ப்பாரண்யேசுவரர் என்னும் சிவபெருமானே ஆவார். சனீசுவரன் தனிச் சன்னிதியில் உள்ளார். சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்ற தலம் இது. நளன் நீராடிச் சனியின் பிடியிலிருந்து நீங்கியதாகக் கூறப்படும் நளதீர்த்தத்தில் நீராடிய பின்னரே பக்தர்கள் கோயிலுக்குச் செல்வது வழக்கம். சனிப்பெயர்ச்சியின்போது கூட்டம் பன்மடங்காகும்.

நகரில் காண வேண்டியவை

பெரும்பாலான பயணிகள் திருநள்ளாற்றிலிருந்தே திரும்பிவிடுவதால் நகரின் பிற சிறப்புகளைக் காணத் தவறுகின்றனர். 63 நாயன்மார்களுள் மூன்று பெண்களில் ஒருவரான காரைக்கால் அம்மையாரின் ஊர் இது. அவருக்கு இங்கு கோயில் உள்ளது. ஆனி மாதம் நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மக்கள் மாங்கனிகளை வாரியிறைப்பர். புனிதவதியாகிய அம்மையார், கணவர் அனுப்பிய இரு மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்கு அளித்த நிகழ்வை இது நினைவுகூர்கிறது.

1739 இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், இடையிடையே ஆங்கிலேயர் கைக்கு மாறியபோதிலும், 1954 நவம்பர் 1 இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்படும்வரை பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாக விளங்கியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16 இல் நிறைவுற்றது.

அரசலாறு கடலில் கலக்கும் இடத்தையொட்டிக் கடற்கரை உள்ளது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையால் இப்பகுதியின் மீனவ ஊர்கள் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தன.

அண்மை இடங்கள்

வடக்கே தரங்கம்பாடியில் டேனியர் கோட்டையும், தெற்கே நாகூரில் தர்காவும் உள்ளன. எனவே சனிக்கிழமை திருநள்ளாறு, ஞாயிற்றுக்கிழமை நகரும் கடற்கரையும் என இரு நாட்களில் இப்பகுதியைக் காணலாம்.