பெடல் கல்லா, பஞ்சா?

காலையில் கூடை நிறைய வாங்கி வந்தீர்களே தக்காளி, அதுவும், பூக்காரியிடம் நாலணாப் பேரம் பேசுவது போலப் பேசி வாங்கினீர்களே ரோஜாப்பூ, அதுவும் எந்த வண்டியில் ஊர் வந்து சேர்ந்தன என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? ஓசூர்த் தோட்டத்துச் சரக்காக இருந்தால், விடியுமுன்னே ஒரு பிக்கப் வண்டியின் முதுகில் ஏறிக் கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கி வந்திருக்கும்.

'இறங்கி' என்று சும்மா சொல்லவில்லை. ஓசூர் கிட்டத்தட்ட மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதைவிட ஆயிரம் அடிக்கு மேல் தாழ்வு. சேலம் போகிறவர்களுக்குத் தர்மபுரிக்கு அப்பால் தொப்பூர் கணவாய் வேறு காத்திருக்கிறது. 2020 டிசம்பரில் அங்கே ஒரு லாரி கட்டுக்கடங்காமல் ஓடி, ஒரு டஜனுக்கு மேற்பட்ட வாகனங்களில் மோதி, நான்கு உயிர்கள் போயின. 2024 ஜனவரியில் அதே இடத்தில் மீண்டும் நான்கு பேர்.

லாரியின் கதை பெரிய கதை, அதை விட்டுவிடுவோம். வீட்டு வாசலில் நிற்கிற சின்ன வண்டியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். 2005-ல் டாட்டா ஏஸ் வந்தது. நம் ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 1980 முதல் ஓசூரில் லாரி செய்து வந்த அசோக் லேலண்டு, 2011-ல் அங்கிருந்தே 'தோஸ்த்' வண்டியை வெளியே விட்டது. இவற்றை வாங்கியவர்கள் எல்லாரும் முதலாளிகள் அல்ல. தாமே ஓட்டித் தாமே பிழைப்பவர்கள் ஏராளம். அந்த வண்டிக்கு முன்பணம் பல வீடுகளில் அம்மாளின் கழுத்துச் சங்கிலியிலிருந்துதான் வருகிறது. ஆகையால், சகோதரிகளே, இது ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!

பிக்கப் வண்டிக்காரர்கள் சொல்கிற குறைகளில் அதி முக்கியமானது, "பிரேக் பிடிக்கவில்லை" என்பது. ஒர்க்ஷாப்பில் கிடைக்கும் பதில், "லோடு அதிகம் ஏற்றினால் எப்படி ஐயா பிடிக்கும்?" என்பது. இரண்டில் எது நிஜம்? சில சமயம் இரண்டுமே நிஜம்! அதனால்தான் வழக்கு முடிவதில்லை.

இன்று இரவு சாப்பாடு போடும்போது வண்டி ஓட்டுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பெடல் கல்லாக இருக்கிறதா, பஞ்சாக இருக்கிறதா?"

கல்லாக இருந்தால் பூஸ்டரில் கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும். பிரேக்கை அழுத்தும் காலுக்குப் பலம் சேர்ப்பது அதுதான். எஞ்சின் ஓடினால்தான் அதுவும் வேலை செய்யும். டீஸலை மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்து வண்டியை உருட்டி விடுகிற புத்திசாலிகள் உண்டு. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பூஸ்டரின் பலம் தீர்ந்துவிடும். அப்புறம் மலையை உதைத்த மாதிரிதான். ஐம்பது ரூபாய் டீஸலுக்கு ஐந்து பேர் குடும்பத்தைப் பணயம் வைக்கிற இந்தச் சிக்கனத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

பஞ்சாக அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அல்லது பிரேக் எண்ணெய் பழசாகியிருக்கலாம். இந்த எண்ணெய் உப்பைப் போல. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிதில் 200 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறினால் 140 டிகிரிச் சூட்டிலேயே கொதித்துவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். எண்ணெய் ஆவியானால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெயை மாற்றுவது நல்லது. காலை அழுத்தியபடியே வைத்திருக்கையில் பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால், அது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்த அடையாளம்.

இன்னொரு சூட்சுமம். பல பிக்கப் வண்டிகளில், சுமையால் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி பின்சக்கரத்துக்குப் பிரேக்கை அளந்து கொடுக்க ஒரு வால்வு உண்டு. நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கூடுதல் பாரம் ஏற்றுவதற்காக ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை அதிகம் போட்டுவிடுகிறார்கள். வண்டி தாழ்வதில்லை. "ஓகோ, காலி வண்டி!" என்று வால்வு ஏமாந்து பிரேக்கைக் குறைத்துவிடுகிறது. ஒன்றரை டன் தக்காளி பின்னாலிருந்து தள்ளுகிறது!

இப்படிச் சொல்வதால் கம்பெனிகளெல்லாம் சுத்தத் தங்கம் என்று அர்த்தமல்ல. 2021-ல் மஹிந்திரா கம்பெனியே, முந்திய ஜனவரி முதல் அந்த வருஷம் பிப்ரவரி வரை செய்த பிக்கப் வண்டிகளில் 29,878-ஐ, திரவக் குழாய் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம் என்று திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்ய முன்வந்தது. அது தானாகச் செய்தது. செய்யாவிட்டால்? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும், 2021 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த விதிகளும் இருக்கின்றன. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளில் ஒரே குறையைப் பற்றிப் போதுமான புகார்கள் சேர்ந்தால், மத்திய சர்க்கார் வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடலாம். ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் டீக்கடையில் புலம்பியது புகாராகாது. மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் பதிவாக வேண்டும்.

ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு தலைவலி. அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூரில் வண்டி வாங்கியவர், "வழக்குக்கு அங்கே அல்லவா அலைய வேண்டும்!" என்று பேசாமல் இருந்துவிடுகிறார். அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். "இது வியாபார வண்டி, நீ நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கிளம்புவார். சொந்த உழைப்பால் ஜீவனம் நடத்தவே வாங்கிய வண்டிக்கு அந்த வாதம் செல்லாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. பேச்சு உதவி வேண்டுமானால் 1915 என்ற எண்.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டுமே! அது ஒர்க்ஷாப் ஜாப் கார்டில் இருக்கிறது. வண்டியை விடும்போது, "பொதுச் சர்வீஸ்" என்று அவர்கள் கிறுக்கித் தந்தால் வாங்காதீர்கள். "இறக்கத்தில் பெடல் தரை வரை போகிறது" என்று, தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதச் சொல்லுங்கள். மாற்றிய சாமானுக்குப் பில் கேளுங்கள். ரேஷன் கார்டு வைக்கிற அதே டிரங்குப் பெட்டியில் அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். மனுப் போட அவகாசம், வழக்குக்குக் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷம்.