தாடி ஒழுங்கீனமா?

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், நான் பணியாற்றிய கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். நைஜீரியாவிலிருந்து வந்து எங்கள் துறையில் பொருளியல் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், மழிக்காத முகத்தோடு வகுப்புக்கு வருகிறார் என்று புகார் வந்தது. "மழித்தால் என் கழுத்தெல்லாம் புண்ணாகிவிடுகிறது, சார்" என்று அவர் ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னார். மாணவர்கள் வழக்கமாகச் சொல்லும் சாக்குகளில் ஒன்றாகவே அதை எடுத்துக்கொண்டேன். மறுநாள் மழித்துவிட்டு வந்தார். அந்த வாரம் முடிவதற்குள் அவருடைய தாடைக்குக் கீழே வரிசையாகக் கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. அதற்கு முன்பே பதிவேட்டில் "விதி நிறைவேற்றப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தேன்.

அந்தக் கொப்புளங்களுக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு என்பதை அறிய எனக்கு மேலும் பத்தாண்டுகள் ஆயின. அதுவும் மருத்துவ நூல் எதிலிருந்தும் அன்று. தொழிலாளர் பொருளியல் பாடத்துக்காக நான் படித்த ஓர் அமெரிக்கத் தீர்ப்பிலிருந்து அறிந்தேன்.

'சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே' என்பது அதன் பெயர். போலி மயிர்க்கால் அழற்சி எனலாம். கறுப்பின ஆண்களின் முடி பெரும்பாலும் இறுகச் சுருண்டு வளர்வது. அது முளைக்கும் மயிர்க்காலும் தோலுக்குள் வளைந்தே அமைந்திருக்கும். கத்தியால் மழிக்கும்போது முடியின் நுனி ஈட்டிபோல் கூராகிறது. மீண்டும் வளரும் முடி வெளியே வந்ததும் வளைந்து, தன் தோலையே துளைத்து உள்ளே நுழைகிறது. சில வேளைகளில் வெளியே வராமலேயே மயிர்க்காலின் சுவரைக் கிழித்துக்கொண்டு போகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதிப் போராடுவதன் விளைவே கொப்புளமும் சீழும். அவை ஆறிய இடத்தில் கருந்தழும்பு நிற்கும். சிலருக்கு மேடிட்ட தழும்பாகவும் தடித்துவிடும். சுருள்முடி கொண்ட நம்மவர் சிலருக்கும் இது உண்டு. ஆயினும், கறுப்பின ஆண்களிடையே இதன் பரவல் மிக மிக அதிகம்.

இனி அந்தத் தீர்ப்பு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், டாமினோஸ் பீட்சா கடையில் உணவு கொண்டு சேர்க்கும் பணியிலிருந்த கறுப்பின இளைஞர் ஒருவர், தாடியை மழிக்காததால் வேலையிழந்தார். அவருக்கு இந்தத் தோல் நோய் இருந்தது. கறுப்பின ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்நோய் உண்டு என்றும், அவர்களிலும் பாதிப் பேரால் மழிக்கவே இயலாது என்றும் நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. நிறுவனத்தின் மறுமொழி என்ன தெரியுமா? தாடி வைத்தவர் உணவு கொண்டுவந்தால் 20 விழுக்காடு வரையிலான வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று ஒரு கருத்துக்கணிப்பு சொல்கிறதாம்! கீழமை நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமோ, மழிக்க இயலாத கறுப்பின ஊழியர்களுக்கு விலக்கு அளிக்காமலிருக்க இது போதிய காரணமாகாது என்று 1993-இல் தீர்ப்பளித்தது.

பொருளியல் ஆசிரியனுக்கு இந்த வழக்கு ஒரு புதையல். பாகுபாட்டின் பொருளியல் குறித்து கேரி பெக்கர் 1957-இல் எழுதிய நூலில், முதலாளியின் வெறுப்பு, சக ஊழியரின் வெறுப்பு, வாடிக்கையாளரின் வெறுப்பு எனப் பாகுபாட்டின் ஊற்றுகளைப் பிரித்துக் காட்டினார். முதலாளி தன் வெறுப்பால் திறமையானவரை ஒதுக்கினால் செலவு கூடும். சந்தைப் போட்டி அவரை மெல்ல மெல்லத் தண்டிக்கும் என்பது அவரது வாதம். வாடிக்கையாளரின் வெறுப்பு அப்படியல்ல. அதற்குப் பணிந்து போகிறவருக்கு லாபமே மிஞ்சும். எனவே, அதைச் சந்தை தானாகத் திருத்தாது. சட்டம்தான் குறுக்கிட வேண்டும். இதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்த நைஜீரிய மாணவரின் கழுத்தைப் பார்த்தபோது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

மழிக்கச் சொல்லும் விதிகள் அனைத்தும் அநீதியானவை என்று நான் கூறவில்லை. அதே 1993-இல் அட்லாண்டா நகரத் தீயணைப்பு வீரர்களின் வழக்கில், பதினோராம் வட்ட நீதிமன்றம் நகர நிர்வாகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த கறுப்பின வீரர்களுக்கும் இதே நோய்தான். ஆனால், புகைக்குள் நுழையும் வீரரின் சுவாசக் கவசம் முகத்தோடு இறுகப் பொருந்த வேண்டும்; இடையே தாடி இருந்தால் நச்சுக்காற்று கசியலாம் என்ற பாதுகாப்புக் காரணத்தை நீதிமன்றம் ஏற்றது. இரண்டு வழக்குகளிலும் தோல் ஒன்றே, நோய் ஒன்றே. ஒன்றில் உயிர்ப் பாதுகாப்பு. மற்றொன்றில் வாடிக்கையாளரின் முகச்சுளிப்பு. எங்கள் கல்லூரி விதிக்கு இந்த இரண்டும்கூட இல்லை. "எப்போதும் அப்படித்தான்" என்பதே அதன் காரணம்.

அமெரிக்க ராணுவத்தில் இச்சிக்கல் இன்றும் தீரவில்லை. நச்சுவாயுக் கவசத்தைக் காட்டி மழித்தலைக் கட்டாயமாக்கியவர்கள், நோயுள்ளோருக்கு மருத்துவர் சான்றின் பேரில் விலக்கு அளித்துவந்தனர். 2020-இல் விமானப் படை அந்த விலக்கை ஐந்தாண்டுகள்வரை நீட்டித்தது. ஆனால், விலக்கு பெற்றவர்களுக்குப் பதவி உயர்வு தாமதமாகிறது என்று அப்படையினரைக் குறித்து 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2025-இல் காற்று எதிர்த்திசையில் வீசியது. ஓராண்டுச் சிகிச்சைக்குப் பிறகும் விலக்கு தேவைப்படுவோரைப் பணியிலிருந்து விடுவிக்கும் நடவடிக்கையைத் தொடங்குமாறு பாதுகாப்புத் துறை ஆணையிட்டது. மழித்தலை நிறுத்துவதே முதன்மையான மருந்தாக உள்ள ஒரு நோய்க்கு, மழித்துக்கொண்டே ஓராண்டில் குணமாகு என்பது விந்தையான காலக்கெடு.

சவரக் கத்தியின் வரலாறும் வேடிக்கையானது. நம் தந்தையர் பயன்படுத்திய ஒற்றை பிளேடு இந்தத் தோலுக்கு அவ்வளவு தீங்கானதன்று. கில்லெட் நிறுவனம் 1971-இல் இரட்டை பிளேடையும், 1998-இல் மூன்று பிளேடையும், 2006-இல் ஐந்து பிளேடையும் கொண்டுவந்தது. முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்க, அடுத்தது தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுகிறது. நேரான முடிக்கு அது வழவழப்பு; சுருள் முடிக்கு அதுவே நோயின் தொடக்கம். இந்தக் குறையைக் கண்டு, டிரிஸ்டன் வாக்கர் என்ற கறுப்பினத் தொழில்முனைவோர் 2013-இல் ஒரு நிறுவனம் தொடங்கி, 'பெவல்' என்ற பெயரில் ஒற்றை பிளேடு கத்தியை விற்றார். 2018-இல் அந்நிறுவனத்தை வாங்கியது யார்? கில்லெட்டின் உரிமையாளரான பிராக்டர் அண்ட் கேம்பிள்.

இந்நோய் உள்ளவர்கள் செய்யக்கூடியவை எளியவையே. முதலில் சில வாரங்கள் முடியை வளரவிட வேண்டும். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்ந்ததும் உள்ளே சிக்கிய நுனிகள் வில்போல் நிமிர்ந்து தாமாகவே வெளிவந்துவிடும். பணி நிமித்தம் முகம் சீராக இருந்தாக வேண்டுமெனில், டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விட்டு வெட்டுவது நல்லது. கத்திதான் வேண்டுமென்பவர் வெந்நீரால் முகத்தை நனைத்து, ஒற்றை பிளேடால், முடி வளரும் திசையில், தோலை இழுத்துப் பிடிக்காமல் மழிக்க வேண்டும். சிக்கிய முடியை இடுக்கியால் பிடுங்குவது பெரும் தவறு. அடுத்து முளைக்கும் முடி மயிர்க்காலின் சுவரைத் துளைக்கக்கூடும். முடியைக் கரைக்கும் பொடிகள் அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே நெடுங்காலமாக உண்டு. அழுகிய முட்டை நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். குறித்த நிமிடங்களுக்கு மேல் வைத்தால் தோல் வெந்துவிடும் என்பதை மறக்கலாகாது. லேசர் சிகிச்சைக்குச் செல்வோர், அடர்நிறத் தோலுக்கு ஏற்ற 1064 நானோமீட்டர் அலைநீள எந்திரம் உள்ளதா என்று கேட்டறிய வேண்டும். குறைந்த அலைநீள ஒளியைத் தோலின் நிறமியே உறிஞ்சிக்கொண்டு புண்ணாகும்.

தாடி வளர்ப்போருக்கும் ஒரு கவனிப்பு உண்டு. தோலில் சுரக்கும் எண்ணெய் சுருண்ட முடியின் வழியே நுனிவரை இறங்காது. ஆகவே தாடி வறண்டு முறியும். அடியிலுள்ள தோல் சாம்பல் பூத்ததுபோல் வெளிறும். குளித்த ஈரம் காய்வதற்குள் சிறிது எண்ணெயோ, மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் கடைந்தெடுக்கும் ஷியா வெண்ணெயோ தடவினால் போதும். கருந்தழும்புக்குப் பயந்து ஸ்டீராய்டு கலந்த வெளுப்புக் களிம்புகளை நாடுவதுதான் ஆபத்து. தோல் மெலிந்து, நோய் இரட்டிக்கும். அடர்நிறத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாது, ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோதான் தெரியும். வெளிர் தோலின் படங்களையே கொண்ட பாடநூல்களில் பயின்ற மருத்துவர்கள் அதைத் தவறவிடுவதும் உண்டு. அந்த மாணவரின் கழுத்திலும் சிவப்பு தெரியவில்லை. அதனால்தான் அது புண் என்றே எனக்குப் படவில்லை.

அவர் படிப்பை முடித்து ஊர் திரும்பிவிட்டார். எங்கே இருக்கிறார் என்று அறியேன். நான் பணியாற்றிய கல்லூரியில் அந்த விதி இன்றும் இருக்கிறது. தோல் மருத்துவரின் சான்று உள்ள மாணவர்கள் அரை சென்டிமீட்டர் தாடியோடு வகுப்புக்கு வரலாம் என்று ஒரே ஒரு வரியைச் சேர்க்குமாறு, இப்போதைய முதல்வருக்கு ஜூன் மாதம் கடிதம் எழுதினேன். பரிசீலனையில் உள்ளதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். மறுபடியும் எழுதியிருக்கிறேன், இம்முறை பழைய பதிவேட்டில் நான் இட்ட கையொப்பத்தையும் குறிப்பிட்டு.