ஆற்றுக்கு அக்கரையில் வேறு பருவம்

வாஷிங்டன் நகரை ஒட்டி ஓடும் பொட்டோமாக் ஆற்றுக்குத் தெற்கே வெர்ஜீனியா, வடக்கே மேரிலாண்ட். இரு கரையிலும் ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் மேரிலாண்டின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கால்பந்துப் பருவம் கோடை விடுமுறை முடியும்போது தொடங்கி நவம்பரில் முடிகிறது. பாலத்தைக் கடந்து வெர்ஜீனியாவுக்கு வந்தால் மார்ச்சில் தொடங்கி ஜூன் வரை நடக்கிறது. இன்னும் கொஞ்சம் தெற்கே, வட கரோலினாவில் பையன்கள் இலையுதிர் காலத்திலும் பெண்கள் வசந்த காலத்திலும் ஆடுகிறார்கள். அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் உள்ள டென்னஸியில் இது அப்படியே தலைகீழ்: பெண்கள் இலையுதிர் காலத்தில், பையன்கள் வசந்தத்தில். ஒரு மலையைத் தாண்டினால் பையனுக்கு ஆகாத பருவம் பெண்ணுக்கு ஆகிவிடுமா என்ன?

அமெரிக்காவில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் உயர்நிலைப் பள்ளி அணிகளில் கால்பந்து ஆடுகிறார்கள். (அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதும் இன்னொரு ஆட்டத்தை. இங்கே பேசுவது காலால் ஆடும் பந்தைப் பற்றி.) பள்ளி ஆண்டு இலையுதிர், குளிர், வசந்தம் என்று மூன்று விளையாட்டுப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்த ஆட்டம் எந்தப் பருவத்தில் என்பதை அந்தந்த மாநிலத்தின் பள்ளி விளையாட்டுச் சங்கம்தான் முடிவு செய்கிறது. வட மாநிலங்கள் பலவும் இலையுதிர் காலத்தை எடுத்துக்கொண்டன. ஃபுளோரிடா, லூசியானா, அரிசோனா, ஹவாய் ஆகியவை குளிர்காலத்தை. டெக்சாஸ் ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிக்கிறது. ஐயோவாவும் நெப்ராஸ்காவும் வசந்தத்தை.

இதில் அறிவியல் எவ்வளவு, வசதி எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் வசதிக்குத்தான் பெரிய பங்கு. இலையுதிர் காலத்தில் மைதானமும் விளக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு வேண்டும். குளிர்காலத்தில் கூடைப்பந்தும் மல்யுத்தமும் பிள்ளைகளை இழுத்துக்கொள்ளும். வசந்தத்தில் பேஸ்பாலும் தடகளமும். நானூறு பேர் படிக்கும் ஒரு பள்ளியில் ஒரே பருவத்தில் எத்தனை அணிகளுக்கு ஆள் திரட்ட முடியும்? இருக்கும் நடுவர்கள் எத்தனை பேர்? அட்டவணை பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் பிறக்கிறது.

ஆனாலும் ஆடுவது உடம்பு. அதற்கு அட்டவணை தெரியாது, வெப்பம் தெரியும். இலையுதிர் பருவம் என்று பெயர்தானே தவிர, அதன் பயிற்சி ஆகஸ்ட் மாதக் கடும் வெயிலில் தொடங்குகிறது. இங்கே காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்ப்பது ஏமாற்று. 1950களில் தென் கரோலினாவின் பாரிஸ் தீவில் பயிற்சி பெற்ற கடற்படைத் தரைப்படையினர் வெயிலில் சுருண்டு விழுந்தபோது, அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் வேறொரு அளவுகோலை உருவாக்கினார்கள். அதற்கு மூன்று வெப்பமானிகள் வேண்டும். ஒன்றின் குமிழை நனைந்த துணி சுற்றியிருக்கும். ஒன்று கறுப்பு உருண்டைக்குள் இருக்கும். மூன்றாவது சாதாரணமாக நிழலில் வைத்தது. முதலாவதில் 70 சதவீதம், இரண்டாவதில் 20, மூன்றாவதில் 10 எடுத்துக் கூட்டினால் கிடைப்பது ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹூஸ்டனில் காற்று 35 டிகிரி செல்சியஸ், ஈரக்குமிழ் 26, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டை 47 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 31.1. பாலைவன நகரமான ஃபீனிக்ஸில் காற்று 40, ஈரக்குமிழ் 21, உருண்டை 54 என்றால் 29.5. ஐந்து டிகிரி அதிகம் கொதிக்கும் ஊர் இந்த அளவுகோலில் குறைவாக வருகிறது. ஓடுகிறவனின் உடம்பைக் குளிர்விப்பது வியர்வை அல்ல, வியர்வை ஆவியாவது. ஈரக் காற்றில் அது ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது. சென்னைவாசிக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஃபிஃபா இந்த அளவு 32ஐத் தொட்டால் ஆட்டத்தின் நடுவே குளிர்விப்பு இடைவேளை தரச் சொல்கிறது. ஜார்ஜியா மாநிலப் பள்ளிச் சங்கம் 2012 முதல் இதே அளவை விதியாக்கி, 33.3ஐத் தாண்டினால் வெளியில் பயிற்சியே கூடாது என்றது.

வெயிலுக்கு உடம்பு பழகிக்கொள்ளும், ஆனால் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அந்த நாள்களில் ரத்தத்தின் நீர்மப் பகுதி பெருகுகிறது, வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. கோடை முழுவதும் ஏசி அறையில் கழித்த பதினைந்து வயதுப் பிள்ளையை ஆகஸ்டில் முதல் நாளே இரண்டு வேளை ஓட விட்டால் ஆபத்து அங்கேதான். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சும் நினைவும் குழம்பினால் அது வெப்பத் தாக்கம். அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர்வித்தாக வேண்டும். ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கு, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு போ என்பதுதான் இன்று விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் வரிசை. தென் மாநிலங்கள் ஆகஸ்டைத் தவிர்த்ததற்கு இது ஒன்றே போதுமான நியாயம். ஃபுளோரிடாவுக்கு இன்னொன்றும் உண்டு. அங்கே கோடை மாலைகளில் இடி மின்னல் கிட்டத்தட்ட தினசரி வாடிக்கை. இடிச் சத்தம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது வழிகாட்டு விதி. நடுவில் இன்னொரு இடி விழுந்தால் மறுபடி முதலிலிருந்து 30. குளிர்காலம் அங்கே வறண்ட காலம் என்பதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது.

அப்படியானால் குளிர் நல்லதா? பந்தைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். 25 டிகிரி அறையில் 0.8 வளிமண்டல அழுத்தத்துக்குக் காற்றடித்த பந்தை வெளியே உறைநிலைக் குளிரில் கொண்டு போய் வைத்தால் அழுத்தம் 0.65க்கு இறங்கிவிடும். விதி அனுமதிக்கும் குறைந்தபட்சம் 0.6 என்பதால் பந்து தப்பித்துக்கொள்கிறது. ஆனால் துள்ளல் மந்தமாகும், தலையால் முட்டினால் கல் மாதிரி வலிக்கும். குளிர்ந்த காற்றின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் அதிகம். நெடுந்தூர உதை கொஞ்சம் முன்னதாகவே விழும். கோல்கீப்பரின் விரல் மரத்துப்போவதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

எனக்கு இந்தப் பிரச்சினையில் மிகவும் சுவையான பகுதி புல்தான். தென் மாநில மைதானங்களில் பெரும்பாலும் பெர்முடா புல். அது வேறெதுவுமல்ல, பிள்ளையாருக்குச் சாத்துகிற நம் அருகம்புல். வெப்பப் பிரதேசத்துப் புல்லான அது, மண் குளிர்ந்ததும் வளர்ச்சியை நிறுத்திப் பழுப்பாகி உறங்கிவிடும். உறங்கும் புல்லை உதைத்துப் பெயர்த்தால் வசந்தம் வரும்வரை அந்த இடம் ஆறாது. கோல் கம்பத்துக்கு முன்னால் ஜனவரியில் விழுந்த மொட்டைத் திட்டு ஏப்ரலிலும் மொட்டையாகவே கிடக்கும்.

காசுள்ள பள்ளிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. இலையுதிர் காலத்தில் பெர்முடாவின் மேலேயே ரை புல்லின் விதையைத் தூவிவிடுவார்கள். குளிரில் செழிக்கும் புல் அது. குளிர்காலம் முழுக்க மைதானம் பச்சையாக இருக்கும். இதில் அவர்கள் எதிர்பாராத ஒரு லாபமும் இருக்கக்கூடும். ஆஸ்திரேலிய விளையாட்டு மருத்துவர் ஜான் ஆர்ச்சர்டும் அவருடைய குழுவினரும் அந்த நாட்டு ஃபுட்பால் மைதானங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரையில், பெர்முடாவைவிட ரை புல் தரையில், மோதல் இல்லாமல் நேரும் முழங்கால் முன் சிலுவைத் தசைநார்க் கிழிவு குறைவு என்று கண்டார்கள். காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பெர்முடாவின் தண்டுகள் இலைக்கும் மண்ணுக்கும் இடையே தேங்காய் நார் மிதியடிபோல் அடர்ந்த ஒரு படுகையைப் பின்னிவிடுகின்றன. ஷூவின் அடிமுளைகள் அதில் சிக்கிக்கொள்கின்றன. ஓடுகிறவர் சட்டென்று திரும்பும்போது பாதம் நின்றுவிட, உடம்பு திரும்ப, நடுவில் உள்ள முழங்கால் விலை கொடுக்கிறது. ரை புல் கொத்துக் கொத்தாக வளர்வதால் பிடி குறைவு. பதின்வயதுப் பெண்களுக்கு இந்தத் தசைநார் கிழியும் அபாயம் அதே ஆட்டத்தில் பையன்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்பதால், இது தோட்டக்காரர் சமாசாரம் மட்டும் அல்ல.

வடக்கே கதை வேறு. மினசோட்டாவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மாநில அரையிறுதியையும் இறுதியையும் மினியாபொலிஸில் கூரை போட்ட யு.எஸ். பேங்க் ஸ்டேடியத்துக்குள் நடத்துகிறார்கள். பருவத்தின் உச்ச ஆட்டத்தை வானிலையிலிருந்து ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது என்றால் பருவம் அதன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். வசந்தத்துக்கு மாற்றினால் தீருமா? மார்ச்சில் உறைந்த மண் மேலிருந்து உருகத் தொடங்கும். அடியில் இன்னும் பனிக்கட்டி. உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கிச் சேறாகும். மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலப் பெண்கள் அணிகள் வசந்தப் பருவத்தின் முதல் வாரங்களை உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரையில் கழிப்பது சகஜம். மகரந்த ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு எந்தப் பக்கமும் தப்ப முடியாது: வசந்தத்தில் ஓக், பிர்ச் மரங்கள்; ஆகஸ்டிலிருந்து முதல் உறைபனி வரை ராக்வீட் களை.

இவ்வளவும் சொன்ன பிறகு என் அபிப்பிராயம்: பருவம் எது என்று சண்டை போடுகிறவர்கள் சின்ன கேள்வியில் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய கேள்வி நெருக்கடி. எந்தப் பருவமானாலும் பத்துப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதினைந்து, இருபது ஆட்டங்களை அடைக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு, மழையில் ஒன்று தள்ளிப்போனால் மூன்று. கிரெகரி டியூபோன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு தொழில்முறை வீரர்களைப் பற்றியதுதான், ஆனால் பள்ளிப் பயிற்சியாளர்கள் படிக்க வேண்டியது. வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்றபோது ஆயிரம் மணி நேரத்துக்கு 4.1 காயங்கள், இரண்டு ஆட்டம் என்றபோது 25.6. வீரர்கள் ஓடிய மொத்தத் தூரத்திலும் வேகத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. அதாவது, பக்கக் கோட்டில் நின்று பார்க்கும் பயிற்சியாளரின் கண்ணுக்கு எல்லாம் நன்றாகவே தெரியும். பள்ளி விதிகளில் வீரரை வெளியே எடுத்து மறுபடி இறக்கலாம் என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் நல்ல ஆட்டக்காரனை யார் வெளியே உட்கார வைக்கிறார்கள்?

பருவத்தை நீட்டி, பாதி இலையுதிரில், பாதி வசந்தத்தில் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். கல்லூரி ஆண்கள் கால்பந்துக்கு இப்படி ஒரு யோசனை பல ஆண்டுகளாக மேசையில் கிடக்கிறது. பள்ளிக்கு இது சரிப்படாது. ஒரே பிள்ளை இலையுதிரில் கால்பந்தும் வசந்தத்தில் தடகளமும் ஆடுவதுதான் வளரும் உடம்புக்கு நல்லது. சிறு வயதிலேயே ஒற்றை ஆட்டத்தில் முடங்கக் கூடாது என்று குழந்தைநல மருத்துவர்கள் ஓயாமல் சொல்லிவருகிறார்கள். ஆண்டு முழுக்க ஆட விரும்புகிறவர்களுக்கு வெளிக் கிளப்புகள் இருக்கவே இருக்கின்றன. ஆகவே பருவத்தை நீட்டுவதைவிட ஆட்டங்களைக் குறைப்பதே சரி: வாரத்துக்கு ஒன்று மட்டும். வடக்கே பருவத்தைச் செப்டம்பர், அக்டோபரிலும், தெற்கே ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலும் வைத்தால் வெயில், புல், இருட்டு மூன்றையும் ஓரளவு ஏய்க்கலாம்.

பையன்களையும் பெண்களையும் வெவ்வேறு பருவத்தில் வைப்பதற்கு உடலியல் காரணம் எதுவும் கிடையாது. மைதானமும் நடுவர்களும் போதவில்லை என்பதுதான் காரணம். அதன் விலையை யார் கொடுப்பது என்பது நீதிமன்றம் வரை போனது. நியூயார்க் மாநிலத்தின் மாமரோனெக், பெல்ஹாம் பள்ளி மாவட்டங்களில் பெண்கள் அணி வசந்தத்தில் ஆடியது. மாநிலக் கோப்பை ஆட்டங்களோ இலையுதிர் பருவத்தின் முடிவில். எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்தப் பெண்கள் கோப்பைக்குப் போட்டியிடவே முடியாது. பையன்களுக்கு அந்தத் தடை இல்லை. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டத்துக்கு இது விரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது.

நீதிமன்றம் தள்ளினால் மாறும் அட்டவணை, தானாக மாறுவது அபூர்வம். கொரோனாவின்போது 2020-21இல் பல மாநிலங்கள் இலையுதிர் ஆட்டங்களை வசந்தத்துக்குத் தள்ளிவைத்தன. அதற்கு முன் முடியவே முடியாது என்று சொல்லப்பட்டதெல்லாம் சில மாதங்களில் நடந்தது. தொற்று தணிந்ததும் அட்டவணை பழையபடி திரும்பிவிட்டது.

தொழில்முறை ஆட்டம் மட்டும் அசைந்திருக்கிறது. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் முடிவில் முடிந்துவந்த மேஜர் லீக் சாக்கர், 2027 முதல் ஐரோப்பாவைப் போல ஜூலையில் தொடங்கி மே மாதம் முடிக்கும். வடக்கின் பனியை எண்ணி டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரை விடுமுறை. அந்த விடுமுறை தெற்கே இருக்கும் மயாமி அணிக்கும் சேர்த்துத்தான். அதே வாரங்களில் அந்த ஊர்ப் பள்ளிகளின் பருவம் உச்சத்தில் இருக்கும்.