200 ரூபாய் மிச்சம்… கோர்ட்டு வரை வம்பு! பிரிட்டன் ரயில்கார்டில் என்ன சிக்கல்?

பிரிட்டனுக்குப் படிக்கப் போகும் நம்ம ஊர் மாணவர்கள் பலரிடமும் இருப்பது ‘16-25 ரயில்கார்டு’. இது இருந்தால் ரயில் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. 25 வயதைத் தாண்டிய முழுநேர மாணவர்களும் வாங்கலாம். ஆனால், காலை நேரத்தில் இதைப் பயன்படுத்தும்போது கொஞ்சம் உஷாரா இருக்கணும்.

விதி என்ன?

திங்கள் முதல் வெள்ளி வரை, அதிகாலை 4.30 முதல் காலை 10 மணிக்குள் பயணித்தால் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. 2024-ல் அது 12 பவுண்டு. தள்ளுபடி போக டிக்கெட் விலை அதற்குக் கீழே இறங்கக் கூடாது. டிக்கெட்டின் முழு விலையே 12 பவுண்டுக்குக் குறைவு என்றால், தள்ளுபடியே கிடையாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் விலக்கு உண்டு.

1.90 பவுண்டு விவகாரம்

2024 செப்டம்பரில் பிராட்பாட்டம் என்ற ஊரிலிருந்து மான்செஸ்டருக்குக் காலை ரயிலில் போனார் 22 வயது பட்டதாரி ஒருவர். ரயில்கார்டு தள்ளுபடியில் 3.65 பவுண்டுக்கு ‘எனிடைம்’ டிக்கெட் வாங்கியிருந்தார். அந்த நேரத்துக்கு உரிய கட்டணம் 5.55 பவுண்டு. வித்தியாசம் 1.90 பவுண்டு, அதாவது சுமார் 200 ரூபாய். அதற்கே வழக்கு என்றது ‘நார்தர்ன்’ ரயில் நிறுவனம். ‘எனிடைம்னா எப்ப வேணா போலாம்தானே?’ என்று யாருக்கும் தோன்றும். விஷயம் செய்தியானதும், நிறுவனம் வழக்கைக் கைவிட்டது. இதேபோன்ற மற்ற சில வழக்குகளும் கைவிடப்பட்டன. 2025 ஜூனில் வந்த ரயில் ஒழுங்குமுறை அமைப்பின் ஆய்வறிக்கையும், டிக்கெட் விதிகள் குழப்பமானவை, நடவடிக்கை ஒரே சீராக இல்லை என்று சுட்டிக்காட்டியது.

‘தெரியாம செஞ்சேன்’ என்றால் விடுவார்களா?

ரயில்வே துணைவிதிப்படி, செல்லாத டிக்கெட்டோடு பயணித்தாலே குற்றம். ஏமாற்றும் நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை. வேண்டுமென்றே கட்டணத்தை ஏய்த்ததாக 1889-ம் ஆண்டு சட்டத்தில் தண்டனை பெற்றால் விஷயம் இன்னும் பெரிசு. வேலை, விசா விண்ணப்பங்களில் அதைச் சொல்ல வேண்டி வரலாம்.

என்ன செய்யலாம்?

டிக்கெட் எடுக்கும்போதே எந்த நேர ரயில் என்று ஆப்பில் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பரிசோதகர் பிடித்தால் வாக்குவாதம் வேண்டாம், நடந்ததை அப்படியே சொல்லுங்கள். முக்கியமாக, பிறகு வரும் கடிதத்தைக் கிடப்பில் போடாதீர்கள். கெடு முடிவதற்குள் பதில் அனுப்புங்கள். பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவிடமும் உதவி கேட்கலாம். பதிலே போடாமல் விட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிடலாம்.