நரி வேஷம் போட்டால் பிள்ளை நரியாகி விடுமா?



ஒரு நாள் பாடசாலை விட்ட பிறகு ஒரு தாய் என்னிடம் வந்தார். ஏழு வயது மகனுக்குக் கலைவிழாவில் நரி வேஷமாம். காகத்தை ஏமாற்றி வடையைப் பறிக்கும் அதே பழைய நரி. "மௌலவி சேர், மேடையில் பொய் சொல்லிப் பழகினால் வீட்டிலும் அதைத்தானே செய்வான்? வேண்டாம் என்று சொல்லி விடட்டுமா?" என்று கேட்டார்.

அவருடைய கவலையில் நியாயம் உண்டு. பிள்ளைகளிடம் விளையாட்டுக்கும் பொய் சொல்லக் கூடாது என்று போதிக்கும் மார்க்கம் நம்முடையது. ஆயினும் பொய் சொல்வது வேறு. பொய்யின் விளைவைக் காட்டுவது வேறு.

அறபுக் கல்லூரியில் ஓதிய எவரும் 'கலீலா வ திம்னா' என்ற நூலை அறிவார். நம் பக்கத்துப் பஞ்சதந்திரக் கதைகள் பஹ்லவி மொழிக்குச் சென்று, அங்கிருந்து கி.பி. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்பவரால் அறபுக்கு வந்தன. அதில் திம்னா என்ற நரி, நண்பர்களான சிங்கத்தையும் எருதையும் கோள் சொல்லிப் பிரிக்கிறது. எருது கொல்லப்படுகிறது. பஞ்சதந்திரத்தில் அந்த நரிக்குத் தண்டனை இல்லை. அறபு நூலிலோ, திம்னா விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெறும் அத்தியாயம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. இப்னுல் முகஃப்பஃவே அதைச் சேர்த்தார் என்பது அறிஞர் பலரின் கருத்து. கவனியுங்கள் சகோதரிகளே! அவர் நரியைக் கதையிலிருந்து விரட்டவில்லை, நீதிமன்றத்தில் நிறுத்தினார்.

இன்றைய சிறுவர் நாடகங்களும் இவ்வழியே செல்கின்றன. நம் நாட்டில் குழந்தை ம. சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா', 'பஞ்சவர்ண நரியார்' முதலிய நாடகங்களைத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக எழுதினார்.

வெளிநாட்டிலிருந்தும் ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக் ஹூப் எழுதி 2006இல் பேர் பெற்ற நாடகம் அது. 'எட்டு மணிக்குக் கப்பலில்' என்பது தலைப்பின் பொருள். கப்பல் என்றது நூஹ் நபி (அலை) அவர்களுடைய கப்பலை. மூன்று பென்குவின்கள் நண்பர்கள். வெள்ளம் வரப்போகிறது. ஒரு புறா இரண்டே இரண்டு டிக்கட்டுகளுடன் வருகிறது. மூன்றாமவனை விட்டுப் போக மனமின்றி, மற்ற இருவரும் அவனை ஒரு சூட்கேஸில் ஒளித்துக் கொண்டு போகிறார்கள். எல்லா மிருகங்களையும் சோடி சோடியாக எண்ணி ஏற்றிய அந்தப் புறா, தன் சோடியை மறந்து விட்டதாம்!

அந்நாடகத்தில் இறைவனைப் பற்றி வரும் வேடிக்கைப் பேச்சுகள் நமக்கு உகந்தவையல்ல. அதை அப்படியே நடிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் "இடமில்லாதவனை என்ன செய்வது?" என்று அது கேட்கும் கேள்வியை ஒதுக்க முடியுமா? அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் ஒரு மணி நேரம் பயான் செய்தாலும், ஒரு சூட்கேஸைப் பார்த்துப் பிள்ளை விளங்குமளவுக்கு விளங்குமா என்பது சந்தேகமே.

அந்தத் தாய்க்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளையைத் தடுக்காதீர்கள், ஆனால் தனியே விட்டு விடவும் வேண்டாம். ஒத்திகை முடிந்து வந்ததும் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். நரி ஏன் அப்படிச் செய்தது? பசியா, பேராசையா? வடை போன பிறகு காகத்தின் முகம் எப்படி இருந்தது? அந்த வடை யாருடையது? பதிலை நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பிள்ளை சொல்லும் வரை பொறுத்திருங்கள்.

மகன் நடித்தான். விழா முடிந்த அன்றிரவு படுக்கையில், "உம்மா, காகம் பிறகு என்ன சாப்பிட்டிருக்கும்?" என்று கேட்டானாம். அடுத்த வாரம் அந்தத் தாய் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் பழைய கவலை இல்லை.

உங்கள் பிள்ளைக்கும் நாளை ஒரு நரி வேஷம் கிடைக்கலாம். வாலைத் தைத்துக் கொடுங்கள். பிறகு காகத்தைப் பற்றிக் கேளுங்கள்.