ஏறி இறங்கும் என்ஜின்

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் குப்பத்துக்கு அருகே உள்ளது குடுபல்லி. ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கி வரும் பகுதி இது. இங்கே தக்காளி விளைகிறது. பட்டுப்புழு வளர்க்கிறார்கள். விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். எல்லோராலும் புது வண்டி வாங்க முடியுமா? முடியாது. பழைய ஜீப்பும் பழைய வேனும்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன.

தக்காளிப் பெட்டிகளை ஏற்றியாயிற்று. விடிவதற்குள் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தில் என்ஜின் தகராறு செய்தால் என்ன ஆகும்? வாடகையும் போகும். சரக்கும் கெடும். பழைய டீசல் வண்டிகளில் வரும் அப்படி ஒரு கோளாறுதான், என்ஜின் தானாக ஏறி இறங்குவது.

என்ன கோளாறு?

வண்டி நிற்கிறது. ஆக்சிலேட்டரில் கால் இல்லை. ஆனாலும் என்ஜின் தானாக வேகம் எடுக்கிறது. பிறகு அணையப் போவதுபோல இறங்குகிறது. மறுபடியும் ஏறுகிறது. சில வண்டிகள் ஓடும்போதும் இப்படிச் செய்யும். காலை ஒரே அளவில் வைத்திருந்தாலும் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும்.

இந்தச் சத்தத்தைக் கேட்டதும் சிலர், "எப்.ஐ. பம்பு போய்விட்டது. கழற்ற வேண்டும்" என்பார்கள். பம்பைக் கழற்றி வேலை பார்க்க ஆயிரக்கணக்கில் செலவாகும். ஆனால் குற்றம் ஒரு சிறிய ரப்பர் குழாயில் இருக்கலாம். எங்கே குற்றம் என்று தெரிந்த பிறகு செலவு செய்வதே நல்லது.

டீசல் போகும் பாதை

டாங்கில் இருக்கும் டீசலை பீட் பம்பு உறிஞ்சுகிறது. அதை பில்டருக்குத் தள்ளுகிறது. பில்டர் அழுக்கை வடிகட்டுகிறது. அங்கிருந்து டீசல் எப்.ஐ. பம்புக்குப் போகிறது. எப்.ஐ. பம்பு டீசலை அளந்து, மிகுந்த அழுத்தத்துடன் நாசிலுக்கு அனுப்புகிறது. நாசில் அதைப் பொடிப்பொடியாகப் பீய்ச்சுகிறது. என்ஜின் ஓடுகிறது.

எப்.ஐ. பம்போடு கவர்னர் என்ற பாகம் சேர்ந்திருக்கிறது. வயலில் மடை பார்ப்பவரின் வேலைதான் அதற்கும். தண்ணீர் அதிகமானால் அவர் மடையை அடைப்பார். குறைந்தால் திறப்பார். கவர்னரும் அப்படியே. என்ஜின் வேகம் கூடினால் டீசலைக் குறைக்கும். வேகம் குறைந்தால் டீசலைக் கூட்டும். 1788-இல் ஜேம்ஸ் வாட் இது போன்ற கவர்னரை நீராவி என்ஜினுக்குப் பொருத்தினார்.

வாய்க்காலில் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் மடை பார்ப்பவர் என்ன செய்வார்? திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். டீசல் விட்டு விட்டு வந்தால் கவர்னருக்கும் அதே நிலைதான். டீசல் குறையும்போது வேகம் இறங்குகிறது. கவர்னர் அதிகமாகத் திறக்கிறது. அதற்குள் டீசல் வந்துவிடுகிறது. வேகம் அளவுக்கு மேல் ஏறுகிறது. கவர்னர் மூடுகிறது. மறுபடி வேகம் இறங்குகிறது. இப்படி என்ஜின் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

ஒழுகாத ஓட்டை

டீசல் ஏன் விட்டு விட்டு வருகிறது? முக்கியமான காரணம் காற்று.

"எங்கேயும் டீசல் ஒழுகவில்லையே! காற்று எப்படிப் புகும்?" என்று தோன்றலாம். இளநீரை உறிஞ்சும் குழாயை நினைத்துப் பாருங்கள். குழாயில் ஊசித் துளை இருந்தால் என்ன ஆகும்? உறிஞ்சும்போது இளநீர் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே வரும். டாங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவே இருக்கும் குழாயும் உறிஞ்சும் குழாய்தான். அதில் ஓட்டை இருந்தால் தரையில் ஒரு சொட்டு டீசல்கூட விழாமல் காற்று புகுந்துவிடும்.

பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் ரப்பர் குழாய் காய்ந்து வெடிக்கும். கிளிப் தளரும். வாஷர் தேயும். டாங்கின் உள்ளே துருப்பிடிக்கும். அந்தத் துரு பில்டரை அடைக்கும்.

எளியதை முதலில் பாருங்கள்

1. டாங்கில் டீசல் போதுமான அளவு இருக்கிறதா? குறைவாக இருந்தால், மேட்டில் ஏறும்போது காற்று இழுக்கும்.

2. டாங்க் மூடியைச் சற்றுத் தளர்த்துங்கள். என்ஜின் சரியாக ஓடுகிறதா? அப்படியானால் டாங்குக்குள் காற்று போகும் சிறு துளை அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்தால் போதும்.

3. பில்டரின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம்தான். ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம். அதனால் டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கும். துருவும் அடியில் தெரியும். இருந்தால் டாங்கைக் கழுவி, புது பில்டர் போட வேண்டும்.

4. ரப்பர் குழாய்களைத் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். கிளிப்புகளை இறுக்குங்கள். பிறகு காற்றை எடுக்க வேண்டும். பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அழுத்த வேண்டும். முதலில் நுரை வரும். நுரை நின்று, டீசல் மட்டும் வந்ததும் திருகை இறுக்க வேண்டும்.

5. ஆக்சிலேட்டர் கம்பிகளைப் பாருங்கள். ஊசி தேய்ந்து ஆட்டம் கொடுத்தாலும், கம்பி சிக்கினாலும் வேகம் நிலையாக இருக்காது.

கேன் சோதனை

இவ்வளவுக்குப் பிறகும் கோளாறு நிற்கவில்லையா? பம்பைக் கழற்றும் முன் மெக்கானிக்கிடம் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். இதற்கு ஒரு கேன் சுத்தமான டீசலும் ஒரு புதுக் குழாயும் போதும்.

டாங்கிலிருந்து வரும் குழாயை பீட் பம்பிலிருந்து கழற்ற வேண்டும். அந்த இடத்தில் கேனிலிருந்து வரும் புதுக் குழாயை மாட்ட வேண்டும். கேனைப் பம்பைவிட உயரத்தில், சாயாமல் கட்டி வைக்க வேண்டும். காற்றை எடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே என்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஏற்ற இறக்கம் நின்றுவிட்டதா? அப்படியானால் குற்றம் டாங்கிலோ அதன் குழாயிலோ இருக்கிறது. எப்.ஐ. பம்பைத் தொட வேண்டாம். ஏற்ற இறக்கம் நிற்கவில்லையா? அப்போது பம்பு, கவர்னர், நாசில் ஆகியவற்றைச் சந்தேகப்படலாம். சில பழைய பம்புகளில் கவர்னருக்குள் ரப்பர் திரை ஒன்று இருக்கும். அது கிழிந்தாலும் வேகம் கட்டுப்படாது.

பம்பு வேலையை அதற்கென்று அளவுக் கருவி உள்ள கடையில்தான் செய்ய வேண்டும். பல பழைய பம்புகளில் மைக்கோ என்ற பெயர் இருக்கும். 1951-இல் தொடங்கிய நிறுவனம் அது. 2008-இல் அதன் பெயர் பாஷ் என்று மாறியது. பம்பில் முத்திரை வைத்த திருகை யாரும் கண்ணளவில் திருப்ப விடாதீர்கள்.

எச்சரிக்கை

கோளாறோடு சுமை ஏற்றிப் போகாதீர்கள். பலமநேரிலிருந்து சித்தூருக்கு இறங்கும் வழியில் மொகிலி மலைப்பாதை இருக்கிறது. அங்கே என்ஜின் தானாக வேகம் எடுத்தால் ஆபத்து. திடீரென்று அணைந்தாலும் ஆபத்து.

என்ஜின் ஓடும்போது நாசில் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவக் கூடாது. அழுத்தத்தோடு வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓட்டக் கூடாது. புகை உயிரைக் கொல்லும். டீசல் வேலை நடக்கும் இடத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

இந்தச் சோதனைகள் பழைய வண்டிகளுக்கு மட்டும் உரியவை. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் டீசலைக் கணினிதான் அளக்கிறது. அவற்றின் குழாய்களை நாமே கழற்றக் கூடாது.

கலந்து பேசுங்கள்

1. டீசல் ஒழுகாமல் காற்று மட்டும் புகுவது எப்படி?

2. பம்பைக் கழற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், முதலில் அவரிடம் என்ன கேட்பீர்கள்?

3. உங்கள் ஊரில் உள்ள பழைய வண்டிகளில் ரப்பர் குழாயை எப்போது மாற்றினார்கள்? கேட்டு எழுதுங்கள்.